நீரின் சூடும் மீனின் நோயும்

தென்னாட்டில் பிறந்து தில்லியிலோ லக்னோவிலோ குடியமர்ந்த நம்மவர்க்கு, மார்கழி, தை மாதக் குளிர் என்பது உடலே கற்றுக்கொண்ட பாடம். நமக்குக் கம்பளி உண்டு, கணப்பு உண்டு. அவை இல்லாவிடினும் நம் குருதி தன் சூட்டை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியே மூடுபனி கவிந்திருக்கும்போதும் உள்ளே 37 டிகிரி சென்டிகிரேடு நிலைத்து நிற்கிறது. மீனுக்கு இந்தச் சலுகை கிடையாது. சூரை போன்ற சில கடல் மீன்களை விட்டுவிட்டால், தான் வாழும் நீர் எவ்வளவு சூடோ அவ்வளவே மீனின் உடற்சூடு. குளம் குளிர்ந்தால் மீனும் குளிரும்; குளம் வெதும்பினால் மீனும் வெதும்பும். அதன் உடலுக்குள் புகுந்துவிட்ட கிருமிக்கும் அதே சூடுதான். ஆகவே, பண்ணையில் வளரும் மீனுக்கும் அதைத் தாக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கும் போரில், நீரின் வெப்பநிலை எப்பக்கம் சாய்கிறது என்பது பெரிய காரியம். இதை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்னும் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

வரலாறு மீனில் தொடங்கவில்லை. ஒரு கோழியில் தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் ஆந்திராக்ஸ் என்னும் அடைப்பான் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆடு மாடுகளைக் கொன்று குவித்த அக்கிருமி கோழிகளை ஒன்றும் செய்யவில்லை. கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 42 டிகிரி. அந்தச் சூட்டில் கிருமி தழைக்கவில்லை போலும் என்று பாஸ்டர் ஐயுற்றார். உடனே ஒரு கோழிக்குக் கிருமியை ஊசிவழி ஏற்றி, அதன் கால்களையும் அடிவயிற்றையும் 25 டிகிரி நீரில் அமிழ்த்தி வைத்தார். உடற்சூடு 37, 38 டிகிரிக்கு இறங்கியது, கோழி மாண்டது. அவ்வாறே நோய் கண்ட மற்றொரு கோழியை நீரிலிருந்து எடுத்துப் போர்த்திச் சூடேற்றினார், அது பிழைத்துக்கொண்டது. அல்ஃபோர் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் கோலேன் என்பவர் இதை நம்ப மறுத்தார் என்பதும், பாஸ்டர் செத்த கோழியையும் உயிர்க்கோழிகளையும் கூண்டோடு மருத்துவக் கழகத்துக்கே எடுத்துச் சென்று காட்டினார் என்பதும் சுவையான கதைகள். நமக்கு வேண்டியது இவ்வளவே: கிருமி அதே கிருமி, விலங்கும் அதே விலங்கு, சூடு மாறியதால் முடிவு மாறியது.

கோழிக்கு இதைச் செய்ய ஒரு பாஸ்டர் தேவைப்பட்டார். மீனுக்கு ஆறும் வானமும் நாள்தோறும் இதைச் செய்துகொண்டிருக்கின்றன. ஆயினும் மீன் நோயை ஆராய்ந்த முதல் தலைமுறையினர் கிருமியைத் தேடுவதிலேயே முனைந்தனர். 1894இல் ஜெர்மானியரான எம்மெரிக், வைபெல் என்னும் இருவர், டிரவுட் மீன்களுக்குக் கட்டிகளைத் தோற்றுவித்துக் கொல்லும் ஃபுரன்குலோசிஸ் நோயின் பாக்டீரியாவைக் கண்டு விவரித்தனர். பின்னர் பிரிட்டனில் ஆறுகளிலும் பண்ணைகளிலும் இந்நோய் பரவவே, அதற்கெனவே ஒரு குழு அமைக்கப்பட்டு, 1930 முதல் 1935 வரை மூன்று அறிக்கைகள் வெளியாயின. நோய்க் குறியே இல்லாத மீன்களும் கிருமியைச் சுமந்து திரியக்கூடும் என்பது அக்காலத்தில் தெளிவான செய்திகளுள் ஒன்று. கிருமி இருந்தும் நோய் இல்லை என்றால், நோயை எழுப்பிவிடுவது எது என்ற கேள்வி தானே எழுகிறது அல்லவா?

அக்கேள்விக்கு விடை தேடி நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். மிசிசிப்பி ஆற்றங்கரையில், அயோவா மாநிலத்தில், ஃபேர்போர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு அமெரிக்க அரசின் மீன்வளத்துறை ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தது. மீனுக்காக நிறுவியதன்று அது, பொத்தானுக்காக நிறுவியது! அக்காலத்தில் சட்டைப் பொத்தான்கள் ஆற்று மட்டிகளின் ஓட்டிலிருந்து அறுத்துச் செய்யப்பட்டன. மட்டிகள் அருகிப்போகவே அவற்றைப் பெருக்க எண்ணினர். மட்டியின் இளங்குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில காலம் வாழ்ந்த பிறகே தனித்து வாழ வல்லவை. ஆகவே மட்டி வளர்க்க மீன் வேண்டியிருந்தது. மீன்களைப் பிடித்துத் தொட்டிகளிலும் குளங்களிலும் அடைத்து வைத்தனர். அவை மாளத் தொடங்கின.

1917ஆம் ஆண்டிலிருந்து இச்சாவுகளைக் கவனித்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் டேவிஸ். மாண்ட மீன்களின் முதுகுத் துடுப்பைச் சுற்றிக் குதிரைச் சேணம் இட்டாற்போல வெளிறிய புண். செவுள்களில் மஞ்சள் படிந்த அழுகல். புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மெல்லிய நீண்ட பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று திரண்டு தூண்கள் போல எழுந்து நின்றன. அதனால் அவற்றுக்குத் 'தூண் வடிவின' எனப் பொருள்படும் கொலம்னாரிஸ் என்ற பெயரை 1922இல் இட்டார். அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்க்க டேவிஸால் இயலவில்லை. ஆனால் இந்நோய் கோடையின் வெந்நீர் மாதங்களுக்கு உரியது என்பதையும், பிடிபட்டுக் கையாளப்பட்டு அலைக்கழிந்த மீன்களையே பெரிதும் தாக்குகிறது என்பதையும் அவர் கண்டார். குளிர்நீர் மீன்களான டிரவுட்டுக்கும் சால்மனுக்கும் இந்நோயால் தீங்கில்லை என்ற எண்ணம் அதன்பின் இருபது ஆண்டுகள் நிலவியது.

அந்த எண்ணத்தைத் தகர்த்தது ஓர் அணைக்கட்டு. கொலம்பியா ஆற்றின் குறுக்கே கிராண்ட் கூலி அணை 1933இல் கட்டத் தொடங்கப்பட்டு 1940களின் தொடக்கத்தில் முடிவுற்றது. கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி, தான் பிறந்த ஓடையிலேயே முட்டையிட்டு மடிவது சால்மனின் இயல்பு. அணையின் உயரமோ மீன் ஏணி எதுவும் உதவாத உயரம். மேல் ஆறு முழுவதும் சால்மனுக்கு ஒரேயடியாக மூடப்பட்டது. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தனியே எழுதத் தக்க துயரக் கதை. மீன் குலத்தைக் காக்க அரசு செய்த ஏற்பாடு துணிச்சலானது: 1939 முதல், கீழே ராக் ஐலண்டு அணையில் தாய் மீன்களைப் பிடித்து, நீர்த்தொட்டி பொருத்திய லாரிகளில் ஏற்றி, வேறு கிளையாறுகளில் கொண்டு விட்டனர், லீவன்வொர்த் என்னும் ஊரில் பெரிய குஞ்சு பொரிப்பு நிலையமும் எழுந்தது. ஓடைநீர் கோடையில் வற்றி வெதும்பிவிடும் என்றறிந்து, மலைமேல் இருந்த ஏரியிலிருந்து குகைவழி குடைந்து குளிர்நீர் கொண்டுவந்தனர். மீனுக்காக மலையைக் குடைந்தவர்களை நாம் இகழ முடியாது. ஆயினும் அடைத்து வைத்த சால்மன்கள் ஏராளமாக மடிந்தன.

மடிந்த மீன்களில் டேவிஸ் கண்ட அதே தூண்கள் நின்றன. 1943இல் இதை வெளியிட்டவர்கள் ஃபிரெடரிக் ஃபிஷ், ராபர்ட் ரக்கர் என்னும் இருவர். (மீன் நோய் மருத்துவருக்கு மீன் என்றே குடும்பப் பெயர் அமைந்தது தற்செயலே.) அடுத்த ஆண்டு ரக்கரும், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்லிங் ஓர்டாலும் அப்பாக்டீரியாவை முதன்முறையாகத் தனியே பிரித்து வளர்த்தனர். வழக்கமான சத்து மிகுந்த கூழில் வளர மறுத்து, சத்துக் குறைந்த கூழில் மட்டுமே நன்கு வளரும் விந்தைக் கிருமி அது. சால்மனுக்கு இந்நோய் வாராது என்ற பழைய எண்ணம் தவறு என்பது புலனாயிற்று. குளிர்நீரில் இருந்தவரையில் வரவில்லை. நீர் வெதும்பியபோது வந்தது.

இதே ஆற்றின் கரையில் 1944இல் வேறொன்றும் நிகழ்ந்தது. ஹான்ஃபோர்டு என்னுமிடத்தில், அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் ஆக்கும் உலைகளுள் முதலாவது இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் எட்டு உலைகள், கொலம்பியா ஆற்று நீரை உள்ளிழுத்துத் தம்மைக் குளிர்வித்துக்கொண்டு, சூடேறிய நீரை மீண்டும் ஆற்றிலேயே விட்டன. அணைகளால் தேங்கிய நீர் வெயிலில் காய்வது ஒருபுறம். உலைகளின் வெந்நீர் ஒருபுறம். ஆறு ஒன்றிரண்டு டிகிரி சூடேறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டவர்களும் இருந்தனர். அவர்களுக்கு வாய்ச்சொல்லால் அன்றி எண்களால் விடை கூற வேண்டியிருந்தது. 1971க்குள் அவ்வெட்டு உலைகளும் மூடப்பட்டன. ஆனால் எழுந்த கேள்வி மூடப்படவில்லை.

எண்களைத் தந்தவர்கள் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார். ஃபிரையர், பில்ச்சர் ஆகியோரும் அவர்தம் மாணாக்கரும், சால்மன் வகை மீன்களை எட்டுத் தொட்டி வரிசைகளில் பிரித்து, 3.9 டிகிரி முதல் 23.3 டிகிரி வரை எட்டு வேறு வெப்பநிலைகளில் வைத்தனர். (பாரன்ஹீட்டில் 39, 44, 49 என ஐந்தைந்தாக ஏற்றியதால்தான் இந்தக் குறுணைக் கணக்கு.) எல்லா மீன்களுக்கும் ஒரே அளவில் கொலம்னாரிஸ் கிருமியைத் தொற்றச் செய்தனர். 1975இல் வெளியான முடிவைக் கேளுங்கள்: 9.4 டிகிரியிலும் அதற்குக் கீழும் ஒரு மீனும் சாகவில்லை. 12.2 டிகிரியில் சில மடிந்தன. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் சாவு ஏறிக்கொண்டே போய், 20.5 டிகிரி அளவில் பெரும்பாலும் எல்லாமே மடிந்தன. ஃபுரன்குலோசிஸ் கிருமியைக் கொண்டு செய்த சோதனை 1978இல் வெளிவந்தது. 3.9, 6.7 டிகிரிகளில் நூற்றுக்கு 2 முதல் 26 வரையே மடிந்தன, 20.5 டிகிரியிலோ நூற்றுக்கு 93 முதல் 100 வரை, அதுவும் இரண்டு மூன்று நாட்களுக்குள். "ஒன்றிரண்டு டிகிரி என்ன செய்யும்" என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஆற்றிலும் இது பின்னர் மெய்யாயிற்று. 2015ஆம் ஆண்டுக் கோடையில் கொலம்பியா ஆறும் அதன் கிளைகளும் வழக்கத்துக்கு மீறி வெதும்பியபோது, சாக்-ஐ என அழைக்கப்படும் செந்நிறச் சால்மன்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவை முட்டையிடும் இடத்தை எட்டாமலே மாண்டன. பலவற்றின் செவுள்களில் கொலம்னாரிஸ் இருந்தது.

இவ்வளவோடு நின்றால், சூடு தீது, குளிர் நன்று என்று எளிதாக முடித்துவிடலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. சூடு கிருமியை மட்டுமா வளர்க்கிறது? மீனின் தற்காப்பையும் அன்றோ அது வளர்க்கிறது! 1942இல் குஷிங் என்னும் அமெரிக்கர் கெண்டை மீன்களில் ஒரு சோதனை செய்தார். வெதுவெதுப்பான நீரிலிருந்த கெண்டைகளின் குருதியில் கிருமிக்கு எதிர்ப்பொருள் சுரந்தது. குளிர்ந்த நீரிலிருந்தவற்றில் சுரக்கவில்லை. 1969இல் இஸ்ரேலில் அவ்தலியோன் என்பவர் ஒரு படி மேலே சென்றார். கெண்டையை முதல் சில நாட்கள் 25 டிகிரியில் வைத்துப் பிறகு 12 டிகிரிக்கு மாற்றினாலும் எதிர்ப்பொருள் சுரந்தது. தொடக்கத்திலிருந்தே குளிரில் வைத்தால்தான் அது தடைப்பட்டது. படை திரட்டும் தொடக்க வேலைக்குச் சூடு வேண்டும். திரண்ட படை குளிரிலும் போரிடும் என்பது இதன் கருத்து. மீனுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க நாள் குறிப்பவர்கள் நீரின் வெப்பநிலையைப் பார்த்தே குறிப்பதற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே அடிப்படை.

குளிரில் மீனின் தற்காப்பு உறங்குகிறது என்றால், குளிரிலும் உறங்காத கிருமி ஒன்று இருந்தால் என்னாகும்? இருக்கிறது. டேவிஸே 1946இல், டிரவுட் மீன்களின் வாலடி அழுகும் ஒரு நோயை விவரித்தார். இது வசந்தத்தின் குளிர்நீருக்கு உரியது. 4 டிகிரி முதல் 10 டிகிரி வரையிலான நீரில் இளங்குஞ்சுகளைக் கொல்வது. இதன் பாக்டீரியாவை 1948இல் போர்க் என்பவர், ஓர்டால் இருந்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சால்மனிலிருந்து பிரித்தெடுத்தார். குளிரை விரும்புவது எனப் பொருள்படும் பெயரே அதற்கு வாய்த்தது. நுண்ணோக்கியில் இதுவும் கொலம்னாரிஸும் உடன்பிறந்தார் போலத் தோன்றும். ஒன்று கோடையில் கொல்கிறது. மற்றொன்று பனி உருகும் காலத்தில் கொல்கிறது. நீர் சூடேறச் சூடேற இரண்டாவது நோய் தானே அடங்குகிறது.

நார்வே நாட்டார் இதே பாடத்தைக் கடலில் கற்றனர். 1979இல் ஹித்ரா என்னும் தீவை அடுத்த சால்மன் பண்ணைகளில் புது நோயொன்று கிளம்பியது. இலையுதிர் காலத்தின் இறுதியிலும் குளிர்காலத்திலும், கடல்நீர் 10 டிகிரிக்குக் குறைந்திருக்கும்போதே அது கொன்றது. காரணமான விப்ரியோ வகைப் பாக்டீரியாவுக்கு 1986இல் பெயரிடப்பட்டது. அதற்குள் பண்ணையாளர்கள் கிருமிக்கொல்லி மருந்துகளைத் தீவனத்தோடு வாரி இறைத்தனர். 1987இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 50 டன் மருந்து மீன்களுக்குச் செலவாயிற்று. தடுப்பூசி வந்தபின் நிலை மாறியது. மீன் உற்பத்தி அன்றைவிடப் பன்மடங்கு பெருகியும், 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருந்தின் அளவு ஆண்டுக்கு ஒரு டன்னையும் எட்டவில்லை.

இனி, சூடும் ஆகாது குளிரும் ஆகாது, இடைப்பட்ட பதமே வேண்டும் என்னும் கிருமியும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கெளிறு மீன் பண்ணைகளில் 1970களில் தோன்றிய எட்வர்ட்சியெல்லா இக்டலூரி அத்தகையது. 1979இல் ஹாக் என்பவர் இந்நோயை விவரித்தார். பின்னர் ஐந்து வெப்பநிலைகளில் சோதித்தபோது, 25 டிகிரியில் சாவு மிகுந்தது. 17 டிகிரியிலும் 32 டிகிரியிலும் சாவே இல்லை. அதனால் அங்கு இந்நோய் வசந்தத்தில் சில வாரங்களும் இலையுதிர் காலத்தில் சில வாரங்களும் வந்து, நடுக்கோடையில் ஓய்ந்துவிடும். பண்ணையாளர்கள் ஆண்டில் இருமுறை வரும் வேண்டா விருந்தாளியை எதிர்நோக்குவதுபோல இதை எதிர்நோக்கினர்.

நம் நாட்டுக்கு வருவோம். காஷ்மீரத்து ஓடைகளில் 1900ஆம் ஆண்டை ஒட்டிக் குடியேற்றப்பட்ட டிரவுட் ஒருபுறமிருக்க, நாம் அங்காடியில் வாங்கும் ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் வெந்நீர்க் கெண்டைகள். வயிறு நீர் கோத்து வீங்குவதும், செதில் சிலிர்ப்பதும், உடல் சிவந்து புண்படுவதுமாக ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா இவற்றை வருத்துகிறது. அது எக்குளத்திலும் எந்நாளும் இருப்பது. நெரிசலும் கழிவும் வெப்பமும் சேரும்போது தலைதூக்குவது.

1988இல் வங்கத்திலும் அஸ்ஸாமிலும் திரிபுராவிலும் வாழ்ந்த நம்மவர் ஒரு கொடுங்காலத்தைக் கண்டிருப்பர். வங்காள தேசத்தை அடுத்துப் பரவிய புண்நோயால் குளங்களிலும் நெல்வயல்களிலும் விராலும் கெண்டையும் உடலில் குழிபறித்தாற்போன்ற புண்களோடு மிதந்தன. மக்கள் மீனே வாங்க அஞ்சினர். மீனவர் வீட்டு அடுப்பு எரியவில்லை. புண்ணைச் சோதித்த போதெல்லாம் ஏரோமோனாஸ் கிடைத்ததால் பலரும் அதையே குற்றவாளி எனக் கருதினர். அது புண் திறந்தபின் புகுந்த திருடன். கதவை உடைத்தது அபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிர் என்பது பிற்பாடு நிறுவப்பட்டது. இது பாக்டீரியா நோயன்று என்றாலும் நம் பொருளுக்குப் புறம்பானதன்று. 1995இல் வெளியான தாய்லாந்து ஆராய்ச்சியொன்றில், இவ்வுயிரை விரால் மீன்களின் உடலில் ஏற்றி 19, 26, 31 டிகிரிகளில் வைத்தனர். வெதுவெதுப்பான நீரிலிருந்தவை புண்ணைச் சுற்றி அரண் அமைத்துத் தேறின. 19 டிகிரியில் இருந்தவற்றின் தற்காப்பு தளர்ந்து கிடந்தது. மழைக்காலம் முடிந்து நீர் குளிரும் மாதங்களில் இந்நோய் நம் நாட்டில் தலைகாட்டுவதன் காரணம் இதுவே.

ஆதலால் கிழக்கு மாநிலங்களில் குளத்துக்குச் சுண்ணாம்பு இடுவோர் பனிக்காலம் தொடங்குமுன்னரே இட்டுவிடுகின்றனர். புவனேசுவரத்தை அடுத்த நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்நோய்க்கென ஒரு மருந்துக் கலவையையும் வகுத்துத் தந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் குளத்துநீர் தை மாதத்தில் மிகக் குளிர்ந்து, ஆனி மாதத்தில் மிக வெதும்பும். அங்குள்ள பண்ணையாளர் குளத்தை ஆறடி ஆழத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, குளிரில் தீவனத்தைக் குறைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து விடுகின்றனர். நிலத்தடி நீரின் சூடு ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. குளிர்காலத்தில் குளத்தைவிட அது வெதுவெதுப்பாயிருக்கிறது. கோடையில் அதே நீர் குளத்தைக் குளிர்விக்கிறது.